மஸ்டர் ரோல் வெளியே வந்த கதை

ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலை நடக்கும் இடங்களில் 'மேட்' என்று ஒருவர் இருப்பார். வேலைக்கு வந்தவர்களின் பெயர், வந்த நாட்கள், சேர வேண்டிய கூலி, கடைசிக் கட்டத்தில் கைநாட்டு. இப்படி நிரப்பப்படும் தாள்தான் மஸ்டர் ரோல். பார்வைக்கு ஒன்றுமில்லாத தாள். ஆனால் கூலிக்கான அரசுப் பணம் செலவாவது இதைக் காட்டித்தான்.

மண் சுமந்த பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி முழுதாகக் கிடைத்ததில்லை. கேட்டால், "அளந்து பார்த்தாயிற்று, நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை" என்று பதில் வரும். அப்படியானால் அந்தக் கணக்கைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம். 1923இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த அலுவல் ரகசியச் சட்டத்தின் பழக்கம், ஊர்க் குளத்தில் மண் வெட்டிய கணக்குவரை நீண்டிருந்தது.

சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பணியை உதறிவிட்டுப் போன அருணா ராயும், அவருடன் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் கூலியாட்களும் சேர்ந்து 1990 மே 1 அன்று 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' அமைப்பைத் தொடங்கினார்கள். கூலிக்காகப் போராடியவர்களுக்கு, அந்தத் தாளைக் கைப்பற்றாமல் கூலி வராது என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது.

1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா கிராமத்தில் முதல் 'ஜன் சுன்வாய்', மக்கள் விசாரணை, நடந்தது. கைக்குக் கிடைத்த மஸ்டர் ரோலில் இருந்ததை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள். அதுவரை அலமாரியில் கிடந்த பெயர்கள் உரியவர்களின் காதில் விழுந்தன. அந்த வேலைப் பக்கமே போகாதவர் பெயர் இருந்தது. அடுத்தடுத்த விசாரணைகளில் செத்துப்போனவர்கள்கூடக் கூலி வாங்கியிருந்தது தெரியவந்தது. தணிக்கையாளர் வருடக்கணக்கில் பார்த்தாலும் இது பிடிபடாது. அவருக்கு அது வெறும் பட்டியல். இன்னார் பத்து வருடத்துக்கு முன்பே பிழைக்கப் போய்விட்டார் என்று சொல்ல அந்தத் தெருக்காரர் வேண்டும்.

1995இல் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், ஆவணங்களின் நகல் தரப்படும் என்று சட்டமன்றத்தில் வாக்களித்தார். நகல் வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் நகரத்துச் சாங் கேட் அருகே நாற்பது நாள் தர்ணா தொடங்கியது. மறுவருடம் ஜெய்ப்பூரில் ஐம்பது நாளைத் தாண்டிய இன்னொரு தர்ணா. அதன் முடிவில், பஞ்சாயத்து ஆவணங்களின் நகல் பெறலாம் என்று ஆறு மாதத்துக்கு முன்பே அரசாணை வெளியாகிவிட்டதாக அறிவித்தது அரசு. தெருவில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை.

அதே 1997இல் தமிழ்நாடு, தகவல் உரிமைக்கென்று சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது. ஆனால் விலக்குகள் மலிந்த சட்டம் அது. நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில், காரணமின்றித் தாமதித்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம். அதே வருடம் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கி, மஸ்டர் ரோலை அதற்குத் தர வேண்டும் என்றும் சொன்னது.

ரகசியம் என்று பூட்டப்பட்ட தாளுக்கு இப்போது வேறொரு பூட்டு வந்திருக்கிறது. 2023ஆம் வருடத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்துகிறது. பொது நடவடிக்கையோடோ பொதுநலனோடோ தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட விவரத்தை மட்டுமே மறுக்கலாம் என்றது பழைய வாசகம். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. இரண்டையும் நீக்கிவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று சுருக்கிவிட்டார்கள். பொதுநலன் கருதித் தர 8(2) பிரிவு இன்னும் இடம் தருகிறது. ஆனால் அந்த நலனை முதலில் எடைபோடுவது தாளை வைத்திருக்கும் அலுவலகம்தான். மஸ்டர் ரோலில் முக்கியமானவை பெயர்கள்தான். கோட் கிரானாவில் அவற்றை மறைத்துவிட்டு வாசித்திருந்தால் அந்தத் திருட்டு பிடிபட்டிருக்காது. 8(1)(ஜே) பிரிவின் பழைய வாசகத்தை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும்.