நாளைக் கணித்தவர்களும் தூரத்தை அளந்தவர்களும்

சிதம்பரம் நடராசருக்கு ஆண்டில் ஆறு அபிஷேகங்கள். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை மூன்றும் நட்சத்திரத்தால் அமைபவை. ஆவணி, புரட்டாசி, மாசியில் வரும் மூன்றும் சதுர்த்தசித் திதியால் அமைபவை. ஆறுக்கும் அடிப்படை நிலவின் ஓட்டம்தான். நிலவு திருவாதிரையோடு சேர்வது எந்த நாளில், சூரியனிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்று தெரிந்தால் விழாவுக்கு நாள் குறித்துவிடலாம். இந்தத் தேவைக்காகத் தமிழகத்தில் பேணப்பட்ட கணிதம் மிக நுட்பமானது. ஆனால், அந்தத் திருவாதிரை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் வேலையே இல்லை. நாம் வாழும் பால்வெளி மண்டலத்தின் அமைப்பும் வரலாறும் அந்தத் தூரக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் தெரியவந்தன. காலத்தை அளந்த அறிவும் தூரத்தை அளக்கப் புறப்பட்ட அறிவும் 18ஆம் நூற்றாண்டில் கடலூர்-புதுவைக் கடற்கரையில் நேருக்கு நேர் சந்தித்தன. அந்தச் சந்திப்பை வைத்துப் பார்த்தால் இரண்டின் பெருமையும் எல்லையும் தெளிவாகும்.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760இல் பிரான்சிலிருந்து கப்பலேறியவர் கியோம் லெ ஜாந்தி. ஒன்றுக்கொன்று வெகு தொலைவிலுள்ள ஊர்களில் இந்தக் கடப்பின் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டால், சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரம் கிடைக்கும். ஆனால் இந்தக் கடற்கரை அப்போது போர்க்களம். 1758இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். பிறகு கடலூரை மீட்ட ஆங்கிலேயர் 1761 ஜனவரியில் புதுச்சேரியையே வீழ்த்தினர். அதனால் கடப்பு நாளான 1761 ஜூன் 6 அன்று லெ ஜாந்தி நடுக்கடலில், அளவெடுக்க முடியாதபடி ஆடும் கப்பலில் இருந்தார். அடுத்த கடப்புக்காக 1768இல் புதுச்சேரி வந்து, இடிபாடுகளின் மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் சூரியனை மூடிக்கொண்டது.

காத்திருந்த காலத்தில் அவர் உள்ளூர்க் கணிதர்களின் முறையைக் கற்று எழுதிவைத்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவு தமிழர் கணக்கில் 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் தலைசிறந்த நிலவு அட்டவணையான மேயரின் கணக்கில் 68 விநாடி கூடியது. 1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி வெளியிட்ட ‘காலசங்கலித’ நூல் அம்முறையை இன்னும் நெருங்கிக் காட்டுகிறது. புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் வைத்து, எண்களைச் சொற்களில் பொதிந்த, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வாண்டின் கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடமே பிசகியது. முடிவோ 52 நிமிடம் பிசகியது. இந்த எண்களைக் கொண்டு அந்த மரபை வானளாவப் புகழவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். அது கேட்டுக்கொண்ட கேள்வி ‘எப்போது?’ என்பது, அதற்குத் தொலைநோக்கி இல்லாமலே விடை கண்டது.

லெ ஜாந்தி தோற்றுத் திரும்பியவர், அவருக்குப் பால்வெளியின் வரலாற்றில் என்ன இடம் என்று கேட்கலாம். மற்ற ஊர்களில் எடுத்த அளவுகளால் சூரியனின் தூரம் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் என்று உறுதிப்பட்டது. அந்த அளவை அடிக்கோலாகக் கொண்டுதான் 1838இல் பெசல், சிக்னஸ் கூட்டத்திலுள்ள ஒரு விண்மீனின் தூரத்தைக் கண்டார். அதே சிக்னஸ் திசையில் ஒரு கரும்பகுதியை, இந்தியா வருமுன்பே லெ ஜாந்தி பதிவு செய்திருந்தார். அத்தகைய இருள் ஒளியை மறைக்கும் தூசு. அதை அறியாமல் விண்மீன்களை எண்ணிய வில்லியம் ஹெர்ஷல், 1785இல் சூரியனை மண்டலத்தின் நடுவருகே வரைந்தார். துடிக்கும் விண்மீனின் துடிப்பு நேரத்திலிருந்து அதன் உண்மை ஒளியைச் சொல்லும், லீவிட் கண்ட விதியைக் கொண்டு 1918இல் ஷாப்லி சூரியனை ஓரத்துக்கு நகர்த்தினார். தூசு ஒளியை உறிஞ்சுவதை 1930இல் டிரம்ப்ளர் நிறுவினார். இன்று நாம் அறிவது, நடுவே பட்டை கொண்ட, சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள சுருள்தட்டு. மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளிச் சூரியன். சிதம்பரத்தார் நாள் பார்க்கும் திருவாதிரை, அதே சுருள் கிளையில், 500 முதல் 700 ஒளியாண்டு தொலைவில் எரியும் செம்பெருமீன்.

தூரம் தெரிந்தபின் வரலாறும் தெரிந்தது. கையா விண்கலம் 2018இல் தந்த அளவுகளில், ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மண்டலம் விழுங்கிய இன்னொரு மண்டலத்தின் விண்மீன்கள் தனிப் போக்கில் ஓடுவது புலப்பட்டது. 1994இல் கண்டறியப்பட்ட சஜிடேரியஸ் குறுமண்டலம் இப்போதும் சிதைந்து நம்மோடு கலந்துகொண்டிருக்கிறது. சிறியது பெரியதனுள் ஏன் விழுகிறது? விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் கனத்த பொருளை, அதன் பின்னே திரளும் விண்மீன்களின் ஈர்ப்பு இழுத்து வேகம் குறைக்கிறது. இதை 1943இல் கணித்துக் காட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர்.

நடராசரின் நடனத்திலேயே இவ்வளவும் அடங்கியிருக்கிறது என்று சொல்வோர் உண்டு. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 2004 முதல் நிற்கும் நடராசர் சிலையையும் சான்று காட்டுவர். ஆக்கமும் அழிவும் ஓயாமல் நடக்கும் உலகு என்பது ஆழ்ந்த தத்துவம். அதிலிருந்து சூரியன் மையத்துக்கு எவ்வளவு தொலைவு என்ற எண்ணைக் கறக்க முயல்வது தத்துவத்துக்கும் அளவைக்கும் சேர்த்து இழைக்கும் அநீதி. மறுபுறம், பஞ்சாங்க மரபு அறிவை முடக்கியது என்பாரும் உண்டு. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்ட சிந்தாமணி ரகுநாதாச்சாரி அம்மரபில் வந்தவரே. பஞ்சாங்கத்தைக் கண்ணால் கண்ட வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவும் போராடினார். கணக்கிடும் திறம் இங்கே எப்போதும் இருந்தது. தூரத்தைக் கேட்கும் தேவையும் அதற்கான கருவியும் வந்ததும் அதே திறம் அந்தப் பக்கம் திரும்பியது. கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் திருவாதிரை நாள் எப்படிக் குறிக்கப்படுகிறது என்பதையும் அந்த விண்மீனின் தூரம் எப்படி அளக்கப்பட்டது என்பதையும் ஒரே பாடமாக நடத்த வேண்டும். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் மாணவருக்கே, எந்தக் கேள்வியை இன்னும் நாம் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்று தேடத் தோன்றும்.