முறுக்குக் கம்பி வந்த கதை

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டாம் ராஜராஜன் காலத்தது. சுமார் 850 வருடமாக நிற்கிறது. அதே ஊரில் எங்கள் தாத்தா 1964-ல் போட்ட கான்கிரீட் தளத்திலிருந்து போன ஐப்பசி மழையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருவேறிய கம்பி. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள்... விழுந்த இடம் நான் படுக்கும் இடம்!

கல்லும் கான்கிரீட்டும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிந்துவிடும். கோயிலில் தூண்களை நெருக்கி நட்டு அதைச் சமாளித்தார்கள். கான்கிரீட்டில் இழுவிசையைக் கம்பி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கம்பி உள்ளே வழுக்கினால், எவ்வளவு உறுதியான கம்பியாக இருந்தும் பயனில்லை. பிடிப்புதான் எல்லாம்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எர்னஸ்ட் ரான்சம். சதுரக் கம்பியை முறுக்கி 1884-ல் காப்புரிமை பெற்றார். 1913-ல் டஃப் ஆப்ராம்ஸ் என்பவர் கம்பிகளைக் கான்கிரீட்டிலிருந்து உருவிப் பார்த்துச் சோதனை முடிவுகளை வெளியிட்டார். வழுவழுப்பான கம்பியைப் பிடித்திருப்பது ஒட்டுதலும் உராய்வும் மட்டுமே. வரி போட்ட கம்பியில் அந்த வரிகளே கான்கிரீட்டில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் ஐ.எஸ். 456 விதிநூலும் வரிக் கம்பிக்கு 60 சதவீதம் கூடுதல் பிடிப்பைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது.

இந்தியாவுக்கு 1960-களில் டோர் கம்பி வந்தது. பிடிப்பு நன்றாக இருந்தது, ஆனால் குளிர்ந்த நிலையில் முறுக்கியதால் சீக்கிரம் துருப்பிடித்தது. பிறகு வந்த டி.எம்.டி. கம்பியில் முறுக்கே கிடையாது. நம் கொத்தனார்கள் மட்டும் இன்றும் அதை முறுக்குக் கம்பி என்றுதான் சொல்கிறார்கள்!

துரு விஷயம் விசித்திரமானது. லேசான துரு பிடிப்பைக் கெடுப்பதில்லை, சொரசொரப்பால் கொஞ்சம் கூட்டவும் செய்யும். முற்றினால் துரு இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கம்பி நெடுகக் கான்கிரீட் வெடிக்கும், பிடிப்பு போய்விடும். துருவைத் தடுக்க எபாக்ஸி பூசினாலோ மேற்பரப்பு வழுவழுப்பாகிப் பிடிப்பு குறைகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவைத் தடுக்கச் சிமென்ட் குழம்புப் பூச்சு ஒன்றை உருவாக்கியது.

மேலே பூசிவிட்டால் போதும் என்றார் வந்த கொத்தனார். அப்பா ஒரு பொறியாளரை அழைத்து வந்தார். அவர் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தச் சொன்னார். வரியே இல்லாத பழைய உருட்டுக் கம்பி! நடுவில் பாதியாக இளைத்திருந்தது. சுவரோரம் கொத்தியபோது முனையை வளைத்துக் கொக்கி போட்டிருந்தது தெரிந்தது. அங்கே துரு இல்லை. இத்தனை நாள் தளம் தொங்காமல் இருந்தது இந்தக் கொக்கியால்தான் என்றார். இப்போது கூடத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறோம். நான் திண்ணையில் படுக்கிறேன்.