அண்ணனின் சமிக்ஞை அறை

எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்களோடு மாதிரி இரயில் நிலையம் ஒன்றை அமைத்தேன். மறைந்த என் அண்ணன் பாதி ஒட்டி வைத்திருந்த நெகிழிக் கட்டடத் தொகுப்பு அதற்குக் கைகொடுத்தது.

அது ஏர்ஃபிக்ஸ் தயாரிப்பு. ஹங்கேரியில் பிறந்த நிக்கோலஸ் கோவ் 1939இல் இலண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. இங்கிலாந்தின் ஓக்கம் நகரில் 1899இல் எழுந்த சமிக்ஞை அறையைப் பார்த்து, 76இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது இத்தொகுப்பு. இருபுறத் தண்டவாளமும் பணியாளர் கண்ணில் பட வேண்டுமல்லவா? அதனால்தான் மேல்தளமெங்கும் சன்னல்கள்.

1981இல் ஏர்ஃபிக்ஸ் நொடித்தது. அச்சுகளோ அழியவில்லை; பின்னர் டேபோல் நிறுவனத்திடம் சேர்ந்தன. எனவே பல தலைமுறையினர் ஒட்டியது இதே கட்டடத்தைத்தான். எல்லாரிடமும் ஒரே முகம்! சலித்த ஆர்வலர்கள் அதை அறுத்தார்கள்; வேறு தொகுப்புகளோடு இணைத்துப் புதுக் கட்டடங்களாக்கினார்கள். அமெரிக்காவில் இதற்குக் ‘கிட்பேஷிங்’ என்று பெயர். ஆர்ட் கர்ரன் என்பவர் இக்கலைக்கெனவே நூல் எழுதினார்.

வாளை எடுத்த எனக்குக் கை வரவில்லை.

“ஐயா, வெட்டினால் உங்கள் அண்ணன் கோபித்துக்கொள்வாரா?” என்றாள் ஒரு மாணவி.

வெட்டினோம். சன்னல்கள் நிறைந்த அந்த மேல்தளம் இப்போது எங்கள் நிலையத்தின் பயணச்சீட்டு முகப்பு. அண்ணன் ஒட்டிய படிக்கட்டு மட்டும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.