வன்னியில் தாபரிப்பு: ஒரு வரலாற்று நோக்கு

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ நீதவான் நீதிமன்றம் கூடும் நாளில் அதன் வாசலிற் சென்று நிற்போர், மடியிற் பிள்ளையும் கையிற் கடதாசி உறையுமாகக் காத்திருக்கும் பெண்களைக் காண்பர். அவர்களுட் சிலர் தாபரிப்பு வழக்குக்காரர். பிரிந்துபோன தகப்பன் மாதந்தோறும் பிள்ளைக்குக் கட்டவேண்டிய பணம் கட்டப்படவில்லை என முறையிட வந்தவர்கள். ஒருநாட் கூலியை இழந்து, அடுத்த தவணைத் திகதியைப் பெற்றுத் திரும்புகிறவர்கள். இதனை அவரவர் தலைவிதி என்றோ, ஆண்கள் கெட்டுவிட்டார்கள் என்றோ கூறி அமைவது எளிது. நாம் அவ்வாறு அமைய விரும்பவில்லை. கட்டப்படாத இப்பணத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் ஒரு விதி நம் கவனத்துக்குரியது. மனைவியை இழந்தவன் மறுமணஞ் செய்ய எண்ணினால், சிறு பிள்ளைகளை அவர்களின் பாட்டியோ தாய்வழிச் சுற்றத்தாரோ ஏற்று வளர்ப்பர். அப்போது அவன் மனைவியின் சீதனம் முழுவதையும், தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு ஒப்படைத்தாக வேண்டும். பிள்ளை போகுமிடத்துக்குப் பொருளும் உடன் போதல் வேண்டும் என்பதே இதன் கருத்து. இஃது இறப்பைப் பற்றிய விதியேயன்றிப் பிரிவைப் பற்றியதன்று. அன்றியும் இதனைப் பொற்காலத்துச் சான்றாக நாம் போற்றவில்லை. அது காணியுடையோரின் வழமை. அதே தொகுப்பு அடிமைகளைப் பற்றியும் விதி வகுத்திருந்தது என்பதை மறத்தலாகாது. எனினும் பிள்ளையின் உணவு, குடும்பத்துச் சொத்தின் மீதுள்ள உரித்து என்ற எண்ணம் அதில் இருந்தது.

பிரித்தானியர் கொணர்ந்த எண்ணம் வேறு. 1841 ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தில், மனைவியையோ பிள்ளையையோ ஆதரவின்றிக் கைவிட்டு, அவர்களைப் பிறர் தாங்கும் நிலைக்குத் தள்ளுபவன் தண்டனைக்குரியவன் ஆக்கப்பட்டான். எந்த ஏட்டில் இவ்விதி எழுதப்பட்டது என்பதைக் கருதுக. பிச்சைக்காரரையும் வேலையற்றுத் திரிவோரையும் அடக்கும் ஏட்டில்! பிறர் தலையிற் சுமை ஏறக்கூடாதென்பதே ஆட்சியின் கவலை. இங்கிலாந்தின் ஏழைகள் சட்டத்தை இயக்கிய கவலையும் இதுவே. 1834 இல் அந்நாடு மணமாகாத தாயின் தலையிலேயே பிள்ளையின் முழுப் பொறுப்பையும் சுமத்திப் பார்த்தது. பத்தாண்டுகளில் அவளுக்கு வழக்கிடும் உரிமையை வழங்க நேர்ந்தது.

பின்னர் 1889 இன் 19 ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. தாய் நீதவானிடம் நேரே விண்ணப்பிக்கலாம். தகப்பன் கட்டாவிடின், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். முன்னேற்றந்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் மணவுறவுக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்காகப் பிறந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். அல்லது அக்காலத்தினுள் தகப்பன் ஏதேனும் கொடுத்திருத்தல் வேண்டும். தாயின் சாட்சியம் மட்டும் போதாது. அதனை உறுதிப்படுத்தும் பிறிதொரு சான்றும் வேண்டும். இவ்விதிகள் நூற்றுப்பத்தாண்டுகள் நிலைத்து, 1999 இன் 37 ஆம் இலக்கச் சட்டத்துடனேயே நீங்கின. (அயலிலும் நிலைமை சிறந்திருந்ததெனக் கூறமுடியாது. இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1955 இல் விதித்த மாதம் 500 ரூபா என்ற உச்சவரம்பு 2001 வரை அசையவில்லை.)

இச்சட்டங்களெல்லாம் ஒரு மனிதனைக் கற்பனை செய்கின்றன: நிலையான முகவரி, மாதச் சம்பளம், பதிவுசெய்யப்பட்ட மணம் ஆகியவற்றை உடைய மனிதனை. வன்னியின் வரலாறோ இம்மூன்றையும் ஒவ்வொன்றாகத் தகர்த்த வரலாறு.

முதலில் நிலம். இரணைமடுவின் நீரை நம்பிக் கிளிநொச்சிக் குடியேற்றம் 1936 இல் தொடங்கியபோது, அதற்கு முந்திய ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நடைமுறையிலிருந்தது. அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் குடும்பத் தலைவன் என்ற பெயரில் ஆணுக்கே வழங்கப்பட்டது. அச்சட்டத்தின் வாரிசு அட்டவணை மகளுக்கு முன்னே மகனை வைத்தது. 2022 இலேதான் அது திருத்தப்பட்டது. காடு வெட்டியவள், களை பிடுங்கியவள், கதிர் அறுத்தவள் கணவனைப் பிரிந்ததும் அக்காணியில் அந்நியளானாள். பிள்ளையோடு பொருளும் போகும் என்ற பழைய விதிக்கு இங்கே இடமேயில்லை. 1958 இலும் 1977 இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த தொழிலாளருக்கோ அந்த அனுமதிப்பத்திரமும் எளிதிற் கிட்டவில்லை.

அடுத்து மணப்பதிவு. 2006 முதல் 2009 வரை, விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு, வன்னிப் பெற்றோர் பலர் அவர்களுக்கு அவசரமாக மணஞ் செய்துவைத்தனர். பதினாறு, பதினேழு வயதில் நடந்த அம்மணங்களுட் பல பதிவு பெறவில்லை. இடப்பெயர்வின்போது பிறப்புச் சான்றிதழ்களைத் தொலைத்தோரும் பலர். புலிகளின் நீதிமன்றங்களும் அவற்றின் தீர்ப்புகளும் 2009 மே மாதத்தோடு மறைந்தன. அச்சந் தீர்ந்ததும் அம்மணங்களுட் பல முறிந்தன. அவற்றிற் பிறந்த பிள்ளைகள் 1889 இன் விதியின் கீழ் வழக்கிட வந்திருந்தால், பலர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பர். 1999 இன் சட்டம் அவர்களை ஏற்கிறது. ஆயினும் தந்தை இன்னாரென்பதற்கு உறுதியான சான்று கேட்கிறது. உடுத்த துணியோடு முள்ளிவாய்க்காலைக் கடந்தவளிடம் என்ன சான்று எஞ்சியிருக்கும்?

சம்பளத்தைப் பற்றியும் கூறவேண்டும். புதிய சட்டம் சம்பளத்திலிருந்தே தாபரிப்பைக் கழித்துக் கொடுக்கச் செய்கிறது. அரசாங்க ஊழியனிடத்து இது செல்லும். மணல் ஏற்றுபவனுக்கும், பிறர் வள்ளத்திற் கடலுக்குப் போகிறவனுக்கும், அரிவிவெட்டுக் காலத்து மட்டும் கூலி காண்பவனுக்கும் சம்பளப் பட்டியல் ஏது? எஞ்சுவது பிடியாணை. அவனைச் சிறைக்கு அனுப்பினால் அரைகுறையாக வந்த பணமும் நிற்கும். பிள்ளையின் தகப்பனை மறியலுக்கு அனுப்பியவள் என்ற ஊர்ப்பேச்சும் அவளுக்கே. ஆதலால் அடுத்த மாதம் தருவதாக அவன் கூறுவதை ஏற்று அவள் விட்டுக்கொடுக்கிறாள்.

தகப்பன் கடல் கடந்தவனாயின் ஏட்டளவில் வழியுண்டு. வெளிநாட்டிலிருந்து தாபரிப்பைப் பெறுதற்கான 1956 இன் நியூயோர்க் உடன்படிக்கையில் இலங்கை 1958 ஆம் ஆண்டிலேயே சேர்ந்துகொண்டது. பிரான்சும் சுவிற்சர்லாந்தும் நோர்வேயும் அதில் உள்ளன. நம்மவர் பெருந்தொகையாய் வாழும் கனடா இல்லை. இவ்வழியை அறிந்த தாயொருத்தியை நாம் வன்னியில் இன்னும் சந்திக்கவில்லை.

தாயே கடன்காரனைத் துரத்தவேண்டும் என்பது இயற்கையின் நியதியன்று. சுவீடன் 1937 இலேயே ஒரு சட்டம் இயற்றியது: தகப்பன் கட்டத் தவறினால் அரசாங்கம் பிள்ளைக்கு முற்பணமாகக் கொடுத்துவிட்டு, அவனிடமிருந்து தானே அறவிட்டுக்கொள்ளும். இன்று அந்நாட்டிற் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் பெற்றோர் பிரிந்தால் அத்தகைய உதவி உண்டு. ஒட்டுசுட்டானில் உள்ள பிள்ளை, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறுகிறது. அடுத்த தவணை வரும் மாதம்.