ஆற்காட்டு நவாபின் படையும் விரைவுப் பீரங்கியும்



ஆற்காட்டு நவாபுகளின் வீழ்ச்சியைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படும்போது, ‘துரோகம்’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது. துரோகம் நடக்கவில்லை என்று எவரும் சாதிக்க முடியாது. ஆனால் 1746 நவம்பர் மாதத் தொடக்கத்தில், சென்னைக் கோட்டைக்கு வெளியே சில நிமிடங்களில் நடந்து முடிந்த ஒரு மோதலில் துரோகத்திற்கு இடமே இல்லை. அன்றே நவாபின் படை நிலைகுலைந்தது. அதற்கான காரணத்தை அறிந்துகொள்வது நமக்கு அவசியமாகும்.

அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினர். அதனை அவர்களிடமிருந்து மீட்க நவாப் அன்வருத்தீன் கான் தம் மகன் மஹ்ஃபூஸ் கான் தலைமையில் சுமார் 10,000 பேர் கொண்ட படையை அனுப்பினார். கோட்டையிலிருந்து 400 பிரெஞ்சு வீரர்கள் இரண்டே இரண்டு சிறு பீரங்கிகளுடன் வெளியே வந்தனர். பீரங்கிகள் வரிசைக்குப் பின்னால் மறைந்திருந்தன. நவாபின் குதிரைப்படை நெருங்கியதும் வரிசை இருபுறமும் விலகியது, பீரங்கிகள் முழங்கின. ஒருமுறை வெடித்த பீரங்கி மறுமுறை வெடிக்க நெடுநேரமாகும் என்பதே நம் வீரர்கள் கண்டு பழகிய உண்மை. ஆனால் அப்பீரங்கிகளோ ஓயவில்லை. அடுத்தடுத்துக் குண்டுகள் வந்து விழ, படை சிதறியோடியது. நவாபின் தரப்பில் எழுபது பேர் அளவில் மாண்டனர்.

அக்காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதனை விவரிக்கையில், கால் மணிக்கு ஒருமுறை சுட்டாலே போதும் என்றிருந்த படையினர், நிமிடத்திற்கு ஐந்து ஆறு முறை சுட முடியும் என்பதைக் கனவிலும் கருதவில்லை என்கிறார். ஓர்ம் ஆங்கிலேயக் கம்பெனியின் ஊழியர். நம்மவரைத் தாழ்த்தி எழுதுவதில் தயக்கம் காட்டாதவர். எனினும் இக்கணக்கை மறுப்பதற்கில்லை.

விரைவுப் பீரங்கி என்றதும் கைப்பிடியைச் சுழற்றிச் சுடும் காட்லிங், ஹாட்ச்கிஸ் போன்ற கருவிகள் சிலருக்கு நினைவுக்கு வரலாம். அவை 1860களிலும் 1870களிலும் தோன்றியவை. 1746இல் முழங்கியவற்றில் அத்தகைய இயந்திரம் எதுவும் கிடையாது. அவையும் வாய்வழியே மருந்திட்டுச் சுடும் குழாய்களே. அப்படியாயின் வேகம் எங்கிருந்து வந்தது?

பழைய முறையில் வெடிமருந்தை நீண்ட கரண்டியால் அள்ளிக் குழாய்க்குள் கொட்டுவர். அளவு கூடும், குறையும். புதிய முறையில் அளந்த மருந்து காகிதத்திலோ கம்பளித் துணியிலோ முன்கூட்டியே பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். ஒருவர் ஈரத்துணி சுற்றிய கோலால் குழாயைத் துடைப்பார். ஒருவர் பொதியையும் குண்டையும் இடுவார். ஒருவர் இடித்து இறுக்குவார். ஒருவர் மேல்துளை வழியே பொதியைக் குத்துவார். ஒருவர் தீ வைப்பார். குழாய் சிறியது, வண்டி இலேசானது. ஆகவே பின்னுக்கு உதைத்ததும் கையாலேயே தள்ளி நிறுத்திவிடலாம். தறியில் மிதியும் நாடாவும் ஒரே தாளத்தில் ஓடுவதை நாள்தோறும் காணும் ஆரணி மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு கை பிந்தினால் அனைத்தும் பிந்தும். வேகம் இரும்பில் இல்லை, பழக்கத்தில் இருந்தது.

நம் முன்னோர் கருவிகளை அறியாதவர்கள் அல்லர். 1528இல் கன்னோஜ் அருகே கங்கையின் மீது பாலம் அமைத்தபோது, உஸ்தாத் அலீ குலீ தம் பெரும் பீரங்கியை முதல் நாள் எட்டு முறையும் மறுநாள் பதினாறு முறையும் சுட்டதைப் பாபர் மெச்சி எழுதியுள்ளார். அக்பரின் காலத்தில் 17 குழாய்களை ஒன்றிணைத்து ஒரே திரியால் சுடும் கருவி செய்யப்பட்டதை அபுல் ஃபழ்ல் பதிவு செய்துள்ளார். பேரறிஞர் ஃபத்ஹுல்லாஹ் ஷீராஸியின் பெயரோடு அதனை இணைத்துக் கூறுவர். ஒட்டகத்தின் முதுகிலிருந்து சுடும் சிறு பீரங்கிக்கு ‘ஸம்பூரக்’ என்று பெயர். குளவி என்னும் பொருள்படும் பார்ஸிச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, அறிவும் இருந்தது, கருவியும் இருந்தது. அவற்றை நாள் தவறாமல் பயிற்சி செய்யும் நிலையான படையணி மட்டும் ஆற்காட்டில் இல்லை.

எதிர்த்தரப்போ பீரங்கியை ஒரு கல்வியாகவே பயின்றது. குண்டின் வேகத்தை அளக்கும் முறையை வகுத்து 1742இல் நூல் வெளியிட்ட பெஞ்சமின் ராபின்ஸ் என்ற கணித அறிஞரைக் கம்பெனி இங்கு வரவழைத்தது. அவர் 1751இல் கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையில் இறந்தார்.

அதே 1751இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் கிளைவ் ஐம்பது நாட்கள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது நடந்த ஒரு வேடிக்கையையும் ஓர்ம் குறிப்பிடுகிறார். அவுரங்கஸேப் அனுப்பியதாகவும், ஆயிரம் ஜோடி எருதுகள் இழுத்து வந்ததாகவும் கூறப்பட்ட ஒரு மாபெரும் பீரங்கி அங்கே கிடந்தது. 72 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 33 கிலோ எடையுள்ள குண்டு அதற்கு. மண்மேட்டின் மீது ஏற்றி நாளொன்றுக்கு ஒருமுறை சுட்டனர். நான்காம் நாள் அதுவே வெடித்துப் போயிற்று!

முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய ரஸா ஸாஹிப் – சந்தா ஸாஹிபின் மகன் – பிரெஞ்சு உதவிப்படையோடு நம் ஆரணிக்கு அருகே வந்தார். 1751 டிசம்பர் 3 அன்று போர் மூண்டது. வயல்களில் நீர் நின்றது. பீரங்கி செல்ல ஒடுங்கிய மண்பாதை ஒன்றே வழி. அப்பாதை நெடுகக் கிளைவின் சிறு பீரங்கிகள் சுட்டதால், அதில் வந்தவர்கள் சேற்றில் இறங்கிச் சிதறினர். இங்கே இரு தரப்பிலும் விரைவுப் பீரங்கிகள் இருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். இடத்தைத் தேர்ந்தவர் வென்றார். ரஸா ஸாஹிபின் போர்க் கருவூலமான ஓர் இலட்சம் ரூபாயும் பறிபோயிற்று. கிளைவோடு நின்றவர் முஹம்மது அலீ வாலாஜாவின் ஆதரவாளர்கள். எதிரே நின்றவர் சந்தா ஸாஹிபின் மகன். நம்மவர் நம்மவரை அழிக்கப் பிறர் பீரங்கியை இரவல் வாங்கிய வேதனை அது.

இப்பாடத்தை முறையாகக் கற்றவர் மைசூரின் ஹைதர் அலீ. எழுதப் படிக்கத் தெரியாத அவர், பிரெஞ்சு அதிகாரிகளை ஊதியத்திற்கு அமர்த்தித் தம் வீரர்களைப் பழக்கினார். பீரங்கிகளை இழுக்க மைசூரின் வேகமான காளைகள் பயன்பட்டன. பின்னாளில் அவ்வினத்திற்கு ‘அம்ரித் மஹால்’ என்று பெயரிட்டவர் திப்பு சுல்தான். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை மைசூர்ப் பீரங்கிகளும் ராக்கெட்டுகளும் சூழ்ந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சிறைப்பட்டார். சென்னை வெளியில் மஹ்ஃபூஸ் கானின் படை ஓடியதற்கும் இதற்கும் இடையே 34 ஆண்டுகளே.

ஆரணிக் கோட்டை அப்போது ஹைதரின் கிடங்காக இருந்தது. அதனைக் குறிவைத்து ஜெனரல் அயர் கூட் வர, 1782 ஜூன் 2 அன்று ஹைதர் அவரது படையின் பின்புறத்தைத் தாக்கினார். முதிய தளபதிகள் இருவரும் மோதிய கடைசிப் போர் இதுவே. பகல் முழுவதும் ஹைதர் கூட்டின் கவனத்தைத் தம் பக்கம் திருப்பி வைத்திருக்க, திப்பு கோட்டையிலிருந்த செல்வத்தை அப்புறப்படுத்திக் காவலையும் பலப்படுத்தினார். கூட்டுக்குக் கிடைத்தவை ஒரு பீரங்கியும் பதினொரு வெடிமருந்து வண்டிகளும். கோட்டை கிடைக்கவில்லை.