ஜப்பானிய ரோபோ பொம்மையின் விலை: பேராவிலிருந்து ஒரு கணக்கு



ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஒரு பிளாஸ்டிக் ரோபோவுக்கு இவ்வளவு விலையா? கடைக்காரன் கொள்ளையடிக்கிறானா, இல்லை என் பிள்ளைதான் அளவுக்கு மீறி ஆசைப்படுகிறானா?" நான் ஜப்பானிய ரோபோ பொம்மைகளைச் சேர்ப்பவன் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கேள்வி என்னிடம் வருகிறது.

இரண்டுமே முழு விடையாகா. அந்தப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டுக்கு ஏறக்குறைய எண்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் நம் பேரா மாநிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதைத்தான் இந்தப் பதிவில் எழுத முற்படுகிறேன்.

தகரத்தில் பிறந்த பொம்மை

1945-இல் ஜப்பான் போரில் தோற்றது. தொழிற்சாலைகள் சாம்பலாகிக் கிடந்தன. மூலப்பொருள் எதுவும் இல்லை. அந்த ஆண்டு இறுதியில், ஒட்சு நகரில் கொசுகே மட்சுசோ என்னும் பொம்மைக் கைவினைஞர், அமெரிக்கப் படையினர் உண்டு எறிந்த உணவு டின்களைத் திரட்டி, தட்டி நேராக்கி, சிறிய ஜீப் வண்டிகளைச் செய்தார். ஒன்றின் விலை 10 யென். போருக்குப் பிந்திய ஜப்பானியப் பொம்மைத் தொழிலின் தொடக்கமாக இதையே சொல்வார்கள்.

1947 முதல் 1952 வரை ஏற்றுமதியான ஜப்பானியப் பொருள்கள் பலவற்றில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற முத்திரை இருந்தது. 1950-களில் மசுதாயா, நொமுரா, யோனேசவா போன்ற நிறுவனங்கள், சாவி கொடுத்தால் நடக்கும் தகர ரோபோக்களையும், மின்கலத்தால் இயங்கும் ரோபோக்களையும் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பின. அந்நாளில் 'ஜப்பான் சாமான்' என்றால் மலிவுச் சாமான் என்றுதான் பொருள்.

தகரம் என்பது என்ன? எஃகுத் தகட்டின் மேல் வெள்ளீயப் பூச்சு. நம் நாட்டில் நாம் 'ஈயம்' என்றே வழங்கும் அந்த வெள்ளீயத்தை இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகிலேயே மிகுதியாகத் தோண்டியெடுத்த நாடு மலாயா. அதிலும் முதன்மையானது பேராவின் கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போ நகரம் எழுந்ததே ஈயத்தால்தான்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். பால் டின்னில் துளையிட்டு, குச்சி செருகி, கயிறு கட்டி இழுத்த வண்டி! கொசுகே செய்ததும் நம் லயத்துப் பிள்ளைகள் செய்ததும் ஒரே பொருளால் ஆனவை. அவர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். நாம் விளையாடிவிட்டுப் போட்டுவிட்டோம்.

மூத்தோர் அறிந்த ஜப்பான்

நம் வட்டாரத்து மூத்தோருக்கு 'ஜப்பான்' என்ற சொல் பொம்மையை நினைவூட்டியதில்லை. 1942 ஜனவரி 7-ஆம் நாள், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் பிரிட்டிஷ் இந்தியப் படையை உடைத்துக்கொண்டு வந்தன. அதன் பிறகு தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் எத்தனையோ பேர்.

அக்காலத்தில் புழங்கிய வாழைமர நோட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். அளவின்றி அச்சடிக்கப்பட்டதால் அதன் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்தது, 1945-இல் வெறுங்காகிதமாயிற்று. ஒரு பொருளின் விலை பொருளை மட்டும் பொறுத்ததன்று, பணத்தையும் பொறுத்தது என்பதை நம் பாட்டன் பாட்டிகள் பள்ளிக்கூடம் போகாமலே கற்றது அப்படித்தான்.

100 யென்னுக்கு எத்தனை வெள்ளி?

1949-இல் ஒரு அமெரிக்க டாலருக்கு 360 யென் என்று நாணய மாற்று நிலைநிறுத்தப்பட்டது. அது 1971 வரை நீடித்தது. அந்நாளைய மலாயா வெள்ளியில் ஒரு அமெரிக்க டாலர் ஏறக்குறைய 3 வெள்ளி 6 காசு. கணக்கிட்டால், 100 யென் என்பது 85 காசு.

அதன் பிறகு நடந்ததை இந்தப் பட்டியலில் காணலாம். எல்லாம் தோராயக் கணக்கு:

1950-களும் 60-களும்: 100 யென் = 85 காசு
1980: 96 காசு
1985 நடுப்பகுதி: 1 வெள்ளி
1988: 2 வெள்ளி
1995: 2 வெள்ளி 65 காசு
2012: 3 வெள்ளி 85 காசு
2024 நடுப்பகுதி: 2 வெள்ளி 90 காசு

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 1970-களில் சில ஏற்ற இறக்கங்கள் இருந்தாலும், 85 காசிலிருந்து ஒரு வெள்ளிக்கு வர ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆயின. ஒரு வெள்ளி இரண்டு வெள்ளியாக மூன்றே ஆண்டுகள் போதுமாயிருந்தன!

1985: இரு அடிகள்

1985 செப்டம்பர் 22-ஆம் நாள், நியூயார்க்கின் பிளாசா விடுதியில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடினர். டாலரின் மதிப்பைக் குறைப்பதென்று முடிவு செய்தனர். அதன் மறுபக்கம், யென்னின் மதிப்பு ஏறுவது. 240 யென்னாக இருந்த டாலர் 1988-இல் 130 யென்னுக்கும் கீழே போயிற்று.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 24-ஆம் நாள், உலகச் சந்தையில் ஈய விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்தின் பணம் தீர்ந்தது. இலண்டனிலும் கோலாலம்பூரிலும் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் வாணிகம் தொடங்கியபோது விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பேராவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவ்வாண்டு நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது.

ஜப்பானியப் பொருளின் விலை ஏறத் தொடங்கிய அதே நேரத்தில் பேராவின் வருமானம் இறங்கியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எண்பதுகளின் பிற்பகுதியில் நம் வீடுகளில் நடந்தது விளங்கும்.

பொம்மை உலகிலோ அது பொற்காலம். 1974-இல் பொப்பி நிறுவனம் மசிங்கர் ஸெட் ரோபோவை உலோக வார்ப்பில் 'சோகோகின்' என்ற பெயரில் வெளியிட்டிருந்தது. 1979-இல் குண்டாம் தொலைக்காட்சித் தொடர் தொடங்கி, 1980 ஜூலையில் பண்டாய் அதன் முதல் பிளாஸ்டிக் மாதிரியை 300 யென்னுக்கு விற்றது. 1984-இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, ஜப்பானின் தக்காரா நிறுவனத்துப் பொம்மைகளை வாங்கி 'டிரான்ஸ்பார்மர்ஸ்' என்று பெயரிட்டு உலகெங்கும் பரப்பியது.

அந்த 300 யென் மாதிரியையே எடுத்துக்கொள்வோம். 1980-இல் அது ஏறக்குறைய 2 வெள்ளி 90 காசு. பெட்டியில் அதே 300 யென் என்றே இருந்தாலும், 1988-இல் 6 வெள்ளிக்கு மேல். 2012-இல் பதினொன்றரை வெள்ளி. ஜப்பானில் ஒரு காசும் ஏறாத பொருள் நம்மிடம் நான்கு மடங்காகிவிடுகிறது. போக்குவரத்துச் செலவும் வணிகர் இலாபமும் இன்னும் சேரவில்லை என்பதை நினைவிற் கொள்க.

அந்த ஆண்டுகளில் நான் தொடக்கப்பள்ளி மாணவன். அப்பா பால்மரம் சீவுபவர். பட்டணத்துக் கடையொன்றின் கண்ணாடிப் பேழைக்குள் லாரியாக மாறும் ரோபோ ஒன்று இருந்தது. விலைச்சீட்டைப் பார்த்த அப்பா, "இது ரெண்டு வாரக் கூலி" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை, வாங்கித் தருவதாகப் பொய்யும் சொல்லவில்லை. அப்பாவின் உழைப்பு குறைவாக இருந்ததால் அந்தப் பொம்மை எட்டாமல் போகவில்லை. நியூயார்க்கிலும் இலண்டனிலும் நடந்தவை எங்கள் தோட்டத்து வாசல்வரை வந்திருந்தன. அது எனக்கு விளங்கியது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றபோது, பொருளாதார வரலாற்று நூல்களைப் புரட்டிய பிறகுதான்.

பொம்மைக்கு நேர்ந்ததே காருக்கும் நேர்ந்தது. 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் பாகங்கள் பல ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை. யென் ஏறியதும் அவற்றின் செலவும் ஏறியது. அதே புரோட்டோனின் தொழிற்சாலை 2003-இல் நம் தஞ்சோங் மாலிமில் எழுந்தது. 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கியதிலிருந்து ஆசிரியர்களின் ஊராக இருந்தது, கார்களின் ஊராகவும் ஆயிற்று. அத்தொழிற்சாலையில் காரின் உடலைப் பற்றவைக்கும் ரோபோக் கைகளைப் பற்றி என் மாணவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள்.

இன்றைய விலை எப்படி ஏறுகிறது?

1998-இல் பண்டாய் 60-இல் ஒரு பங்கு அளவிலான பெரிய குண்டாம் மாதிரியை 12,000 யென்னுக்கு வெளியிட்டது. 2020-இல் அதே அளவில் வந்த புதிய பதிப்பு, வரி நீங்கலாக 25,000 யென். அன்றைய மாற்றில் ஏறக்குறைய 980 ரிங்கிட். அவ்வாண்டு நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் பெரிய நகரங்களில் 1,200 ரிங்கிட். மற்ற இடங்களில் 1,100. கடைக்கு வருமுன்னரே ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தை நெருங்கிவிட்ட பொம்மை அது.

அங்கிருந்து நம் கைக்கு வரும்வரை படிப்படியாக ஏறுபவை: ஜப்பானுக்குள் அஞ்சல் செலவு, இடைத்தரகரின் கட்டணம், வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம், அனைத்துலக அஞ்சல், வணிகரின் இலாபம். ரோபோப் பெட்டி எடை குறைவு, ஆனால் இடத்தை அடைக்கும். ஆகவே பெட்டியின் அளவைக் கொண்டும் அஞ்சல் செலவு கணிக்கப்படுவதுண்டு. 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத, இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு.

ஆசிரிய நண்பர்களே, விழுக்காடு பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. என் வகுப்பில் நான் கொடுக்கும் கணக்கு இது. ஒரு ரோபோவின் அடக்க விலை 100 ரிங்கிட். இறக்குமதியாளர் 30 விழுக்காடு கூட்டுகிறார்; கடைக்காரர் மேலும் 30 விழுக்காடு கூட்டுகிறார். மாணவர் பலர் உடனே 160 என்பார்கள். விடை 169. அதை வாங்கிப் பதுக்கி, கிடைக்காத நேரத்தில் 50 விழுக்காடு கூட்டி ஒருவர் விற்றால் 253 ரிங்கிட் 50 காசு. இலாபத்தின் மேல் இலாபம் ஏறுவதை அந்த 9 ரிங்கிட் வித்தியாசத்தில்தான் பிள்ளைகள் கண்டுகொள்கிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. முதலில் யென் விலையைக் கண்டறியுங்கள். தயாரிப்பாளர் அறிவித்த விலையை அன்றைய மாற்றில் வெள்ளியாக்கிப் பாருங்கள். ஒன்றரை மடங்குக்குள் கடை விலை இருந்தால் செலவுகளைக் கருதி ஏற்கலாம் என்பது என் சொந்த அளவுகோல். இரு மடங்கைத் தாண்டினால் பொறுத்திருங்கள்.

2. யென் இறங்கும்போதும் கணக்கிடுங்கள். 2012-ஐவிட 2024-இல் 100 யென்னின் வெள்ளி மதிப்பு கால் பங்கு குறைவு. ஏறும்போது ஓடுகிற கடை விலை, இறங்கும்போது தவழ்கிறது.

3. 'இனிக் கிடைக்காது' என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டா. குண்டாம் மாதிரிகளின் அச்சுகள் பாதுகாக்கப்படுகின்றன. பல மாதிரிகள் மீண்டும் மீண்டும் வெளியாகின்றன. அவசரம்தான் விலையை ஏற்றுகிறது.

4. நண்பர்கள் மூவர் நால்வர் சேர்ந்து ஒரே பொதியில் வரவழையுங்கள். அஞ்சல் செலவு பங்காகும்.

5. சிறியதிலிருந்து தொடங்குங்கள். 144-இல் ஒரு பங்கு மாதிரி, பெரியதன் விலையில் ஒரு சிறு பகுதிதான். பூட்டிச் சேர்க்கும் மகிழ்ச்சியில் குறைவில்லை.

பிள்ளை ஒரு பொம்மையைக் கேட்டவுடன் "நமக்கு வசதியில்லை" என்று முடித்துவிட்டால், அவன் கற்றுக்கொள்வது தன் குடும்பத்தைப் பற்றிய தாழ்வெண்ணம் ஒன்றை மட்டுமே. கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தாலோ, அதையும் கற்கமாட்டான். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, "வா, இந்த விலை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார வையுங்கள். இறுதியில் வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் பொம்மை எட்டாமற் போனால் அது தன் அப்பாவின் குற்றமன்று என்பதை அந்தப் பிள்ளை பத்து வயதிலேயே அறிந்துகொள்வான்.

உங்கள் வகுப்பிலும் இல்லத்திலும் இக்கணக்கைச் செய்து பாருங்கள். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.