எலும்பு முறிவும் குர்துபாவின் வைத்தியரும்

முஸ்லிம் ஸ்பெயினைப் பற்றிப் பேசுவோர் குர்துபாப் பள்ளிவாசலின் தூண்களையும் அல்ஹம்ராவின் எழிலையும் வியந்து போற்றுவர். அதே மண்ணில், முறிந்த கால்களையும் நொறுங்கிய கைகளையும் பொருத்துவதற்கென்றே தம் நூலில் ஒரு பகுதியை ஒதுக்கிய மேதையை நம்மவர் அத்துணை நினைப்பதில்லை. அவரே அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த இவர் கி.பி. 1013-ஐ ஒட்டி மறைந்தார். முப்பது பாகங்கள் கொண்ட இவருடைய ‘கிதாபுத் தஸ்ரீஃப்’ என்னும் நூலின் இறுதிப் பாகம் ரண சிகிச்சையைப் பற்றியது. சூடிடுதல், அறுத்தல், எலும்பு பொருத்துதல் என அது மூன்றாகப் பிரிகிறது.

மூன்றாம் பகுதியை அவர் மனக்குறையுடனேயே தொடங்குகிறார். முன்னோர் நூல்களைப் புரட்டியும் பாராதவர்கள் இத்தொழிலில் புகுந்துவிட்டதால், தம் நாட்டில் இக்கலையே அற்றுப்போயிற்று என்கிறார். (நம் ஊர்களிலும் இக்குறை முற்றிலும் பழையதாகிவிடவில்லை!)

முதலில் சோதனை. உறுப்பு கோணியிருக்கிறதா, எலும்பு துருத்துகிறதா, தொட்டால் நெறுநெறுக்கிறதா என்று பார்க்கவேண்டும். இவை எவையும் இல்லையேல் இழுத்துப் பொருத்தும் முயற்சியே கூடாது. மெல்லக் கட்டினால் போதும். எக்ஸ்ரே இல்லாத காலத்தில் விரல் நுனிகளே வைத்தியருக்குக் கண்களாயிருந்தன.

தோலைக் கிழித்து எலும்பு வெளிவந்த முறிவே மிகக் கொடியது. இங்கே அஸ்ஸஹ்ராவீ முதலில் ரத்தப்பெருக்கை நிறுத்தச் சொல்கிறார். பிறகு எலும்பை மெல்ல உள்ளே செலுத்தவேண்டும். கையால் இயலாவிடில் நெம்பும் இரும்புக் கருவி. அதனாலும் இயலாவிடில் துருத்தும் முனையை அறுத்துவிட வேண்டும். தசையைக் குத்தும் சில்லுகளை அகற்றவேண்டும். கட்டைப் போட்டபின் காயத்துக்கு நேராக ஒரு திறப்பு விடவேண்டும், மருந்திடுவதற்காக. பாரிஸ் சாந்துக் கட்டில் இன்றைய மருத்துவர் வெட்டும் ‘ஜன்னல்’ இதே யுக்திதான்.

அவர் சொன்ன அனைத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. முறிவு நேர்ந்ததும் நாளத்தைக் கீறி ரத்தம் வடிக்கச் சொன்னது அக்கால மரபு. அடிபட்டு ஏற்கெனவே ரத்தம் இழந்தவனுக்கு அது தீங்கேயாகும்.

வீக்கத்தைக் குறித்து முன்னோர் காட்டிய எச்சரிக்கையோ இன்றும் உயிருள்ளது. இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில், உடனே பத்தையிட்டு இறுக்காமல் சில நாட்கள் பொறுக்கச் சொன்னார். வீங்கும் காலை இறுக்கிக் கட்டினால் தசைக்குள் அழுத்தம் ஏறும். ரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். 1881-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன், இறுக்கிய கட்டால் கை சுருங்கி முடமாவதை விவரித்தார்.

இன்றும் முழங்கால் மூட்டருகே எலும்பு பல துண்டாக நொறுங்கி வருபவருக்கு மருத்துவர் முதலில் மூச்சையும் ரத்தப்போக்கையும் கவனிக்கிறார். பாதத்தில் நாடியும் உணர்வும் உண்டா என்று பார்க்கிறார். திறந்த காயமாயின் தாமதமின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தடுப்பூசியும் தந்து, காயத்தைக் கழுவுகிறார். வெளியிலிருந்து கம்பிச்சட்டம் பொருத்தி எலும்பை அசையாமல் நிறுத்துகிறார். தோல் மீண்டும் சுருக்கம் காட்டும்வரை காத்திருந்தே தகடு பதிக்கும் அறுவையைச் செய்கிறார். கட்டிய கால் மரத்தாலோ, விரல்கள் வெளுத்தாலோ, வலி தாங்கமுடியாது ஏறினாலோ, விடியட்டும் என்று இராது உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

தஸ்ரீஃபின் ரண சிகிச்சைப் பாகத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலாவில் கிரிமோனா ஜெரார்டு லத்தீனில் பெயர்த்தார். பிரெஞ்சு வைத்தியர் கீ த ஷோலியாக் தம் நூலில் அபுல் காசிமைப் பன்முறை எடுத்தாண்டார். 1497-இல் வெனிஸ் நகரில் அது அச்சேறியது. ஐரோப்பிய வைத்திய மாணவர்கள் ‘அல்புகாஸிஸ்’ என்ற பெயரில் அவரைக் கற்றனர்.